அசல் பெட்டியும் அதன் மென்பொருள் வடிவமும்

ஒலிப்பதிவில் பிளக்இன் என்பது, ஒலியைக் குறிக்கும் எண்களின் வரிசையை வாங்கி, கணக்குப் போட்டு, வேறோர் எண் வரிசையைத் திருப்பித் தரும் சிறு நிரல். அது தனித்து ஓடுவதில்லை. கியூபேஸ், புரோ டூல்ஸ், லாஜிக் போன்ற பெரிய ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொண்டு வேலை செய்கிறது. இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட க்யூ10 என்ற ஈக்வலைஸர் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி)தான் விற்பனைக்கு வந்த முதல் ஒலி பிளக்இன் எனப்படுகிறது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸுடன் விஎஸ்டி என்ற இணைப்பு முறையைக் கொண்டுவந்து, அதன் விதிகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. அதன்பிறகு பிளக்இன் எழுதுவது யாரும் இறங்கக்கூடிய தொழிலாயிற்று.

இன்று விற்கும் பிளக்இன்களில் பல 1950 முதல் 1980 வரை உருவான ஸ்டுடியோ கருவிகளின் நகல்கள். திரையில் பழைய பெட்டியின் குமிழ்களும், முள் ஆடும் மீட்டரும், சில வேளை தேய்ந்த வண்ணமும்கூட வரையப்பட்டிருக்கும். படம் ஒத்துப்போவதுபோல் ஒலியும் ஒத்துப்போகிறதா என்பது முப்பதாண்டு விவாதம். பொதுவாக விடை சொல்ல முடியாத கேள்வி அது. நகலெடுக்கப்படும் கருவி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். சில கருவிகளை மென்பொருள் முற்றிலும் விழுங்கிவிட்டது, சிலவற்றை இன்னும் மென்றுகொண்டிருக்கிறது.

எளிதில் வசப்படுபவை

முதல் வகை நேரியல் கருவிகள். உள்ளே போகும் ஒலியை இரண்டு மடங்காக்கினால் வெளியே வருவதும் இரண்டு மடங்காகும். இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்பினாலும், தனித்தனியே அனுப்பி வெளியே வந்தபின் சேர்த்தாலும் ஒன்றுதான். இத்தகைய கருவி ஓர் அமைப்பில் நிற்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரே சோதனையில் அறிந்துவிடலாம். மிகக் குறுகிய ஒரு துடிப்பை உள்ளே செலுத்தி, வெளியே வருவதைப் பதிவு செய்தால் போதும். பிறகு எந்த ஒலியையும் அந்தப் பதிவோடு கன்வல்யூஷன் என்ற கணக்கால் இணைத்தால், கருவியின் வழியே அந்த ஒலி சென்றிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே கிடைக்கும்.

ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த 140 என்னும் எதிரொலிக் கருவி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மரப்பெட்டிக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எஃகுத் தகடு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒரு சிறு இயக்கி தகட்டை அதிரவைக்கும். தகட்டில் ஒட்டிய உணர்விகள் அதிர்வை மீண்டும் மின்னோட்டமாக்கும். மொத்த எடை 270 கிலோ. பக்கத்தில் யாரேனும் உரக்கப் பேசினாலும் தகடு அதையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் பல ஸ்டுடியோக்களில் அதற்கென்று தனி அறை ஒதுக்கப்பட்டது. அத்தனை இரும்பும் செய்யும் வேலை ஏறக்குறைய முழுக்க நேரியலானது. எனவே சில விநாடி நீளமுள்ள ஒரு பதிவுக்குள் அது அடங்கிவிட்டது. 2001இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆல்டிவெர்ப் இந்த வழியைச் சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தபின், 270 கிலோவைச் சுமக்க வேண்டிய கட்டாயம் தீர்ந்தது.

ஈக்வலைஸர்களும் பெரும்பாலும் இந்த வகையே. அமெரிக்காவில் நியூஜெர்சியின் பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் 1951இல் தொடங்கிவைத்த பல்டெக் வரிசை ஈக்வலைஸர்களில் ஒரு வேடிக்கை உண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணைக் கூட்ட ஒரு குமிழ், குறைக்க இன்னொரு குமிழ். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று தோன்றும். உண்மையில் இரண்டின் வளைகோடுகளும் சற்று விலகியே நிற்கின்றன. ஆகவே அடித்தளம் உயர்ந்து, அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விழுகிறது. பெரிய முரசின் ஒலியில் கனம் கூடி, கலங்கல் குறைகிறது. ஒலிப் பொறியாளர்கள் இன்றும் விரும்பும் இந்த வளைவைப் பிளக்இன் நூலிழை பிசகாமல் வரைந்துவிடும். அளந்து பார்த்தால் வேறுபாடு ஒரு டெசிபலின் சிறு பின்னத்துக்குள் நின்றுவிடும்.

இந்த எளிய வகையிலும் ஓர் இடறல் உண்டு. சிடியின் தரத்தில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே எந்த அதிர்வெண்ணையும் குறிக்க முடியாது. அனலாக் மின்சுற்றுக்கு அப்படியொரு சுவர் கிடையாது. அதன் வளைகோடு 22 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி மெல்ல இறங்கிச் செல்லும். வழக்கமான டிஜிட்டல் சூத்திரம் முடிவில்லா அந்த நீளத்தைச் சுவருக்குள் அடைத்துவிடுவதால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே உயர்த்திய வளைவு வலப்பக்கம் நசுங்கிப்போகும். தொடக்ககாலப் பிளக்இன்களின் உச்சத்தொனி கூசுகிறது என்று எழுந்த புகாருக்கு இது ஒரு நியாயமான காரணம். 1997இல் சோஃபோக்ளிஸ் ஓர்ஃபானிடிஸ் என்ற பொறியியல் பேராசிரியர் சுவரின் ஓரத்திலும் வளைகோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தும் முறையை வெளியிட்டார். இன்று கவனமாக எழுதப்பட்ட ஈக்வலைஸரில் இந்தக் குறை இல்லை. இருந்தும் பழைய புகார் மட்டும் இன்னும் உலவுகிறது.

மடிந்து திரும்பும் ஒலி

வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்ஸிஸ்டரும் தம் எல்லையை நெருங்கும்போது நேரியலாக இருப்பதை விட்டுவிடுகின்றன. உள்ளே இரண்டு மடங்கு போனால் வெளியே ஒன்றரை மடங்குதான் வரும். அலையின் முகடுகள் மழுங்கும். மழுங்கும்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையிலிருந்து 200, 300, 400 ஹெர்ட்ஸ் அலைகள் கிளைக்கும். பழைய கருவிகளின் ஒலியைக் ‘கதகதப்பு’ என்று வருணிப்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது, மிக மெல்லிதாகச் சேரும் இந்த மேற்சுரங்களைத்தான்.

முகட்டை மழுக்குவது கணினிக்கு ஒரு வரிக் கணக்கு. சிக்கல் பிறகு வருகிறது. 15 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றை மழுக்கினால் அதன் மூன்றாம் மேற்சுரம் 45 கிலோஹெர்ட்ஸில் பிறக்கும். அனலாக் பெட்டியில் அதனால் தொல்லையில்லை. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. கணினியிலோ அந்த அலைக்கு இருக்க இடமில்லை. சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுமே, அதே காரணத்தால், அளவெடுக்கும் வேகத்தை மிஞ்சிய அலை வேறொன்றாக வேடம் போட்டுத் திரும்பும். 45 கிலோஹெர்ட்ஸிலிருந்து 44.1 கிலோஹெர்ட்ஸைக் கழித்தால் 900 ஹெர்ட்ஸ். பாட்டில் எங்குமே இல்லாத, எந்தச் சுரத்தோடும் பொருந்தாத 900 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு அலியாஸிங் என்று பெயர். இசையில் இத்தகைய நூற்றுக்கணக்கான அலைகள் ஒரே சமயத்தில் மடிந்து திரும்பும்போது, பெயரிட முடியாத ஒரு கரகரப்பு ஒலியின்மேல் படிகிறது.

தீர்வு தெரிந்ததுதான். பிளக்இன் தனக்குள் மட்டும் வேகத்தை நான்கு மடங்காக, அதாவது விநாடிக்கு 1,76,400 ஆக உயர்த்திக்கொள்கிறது. இப்போது சுவர் 88.2 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. 45 கிலோஹெர்ட்ஸ் அலை மடியாமல் தன் இடத்தில் பிறக்கிறது. அதை வடிகட்டி நீக்கிவிட்டுப் பழைய வேகத்துக்கு இறங்கலாம். விலை, நான்கு மடங்கு கணக்கு. 1990களின் கணினிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. அக்காலப் பிளக்இன்கள் பல இதைச் செய்யாமலே வெளிவந்தன. பிளக்இன் என்றாலே சில்லிட்ட ஒலி என்ற பெயரும் அப்போது நிலைபெற்றது. அந்தக் காலத்து மதிப்பீட்டை இன்றைய நிரல்களுக்கும் நீட்டுவது பொருந்தாது.

வேகம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பில் புட்னம் 1967இல் வடிவமைத்த 1176 கம்ப்ரஸர், ஃபெட் வகை டிரான்ஸிஸ்டரைக் கொண்டு ஒலியை அடக்குகிறது. உரத்த ஒலி வந்ததும் அது பாயும் நேரம் மிகக் குறைந்த அமைப்பில் 20 மைக்ரோவிநாடி. 44.1 கிலோஹெர்ட்ஸில் இரண்டு அளவுகளுக்கு இடையிலான இடைவெளியே 22.7 மைக்ரோவிநாடி. அசல் கருவி தன் வேலையைத் தொடங்கி முடிக்கும் நேரத்தில் கணினி அடுத்த எண்ணைக்கூடப் பார்த்திருக்காது. அத்தகைய கருவியை உள்வேகத்தைக் கூட்டாமல் நகலெடுத்ததாகச் சொல்வது பெயரளவுக்குத்தான்.

நினைவு வைத்திருக்கும் கருவி

இதுவரை சொன்னவை கணினியின் வேகத்தோடு தீர்ந்துவிடும் சிக்கல்கள். கடந்தகாலத்தை நினைவு வைத்திருக்கும் கருவிகள் அப்படித் தீர்வதில்லை. அவற்றில் மிகப் புகழ்பெற்றது எல்ஏ-2ஏ கம்ப்ரஸர்.

கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் டெலிட்ரோனிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸ், 1960களின் தொடக்கத்தில் வானொலி ஒலிபரப்பை மனத்தில் வைத்து இதை உருவாக்கினார். முகப்பில் முக்கியமான குமிழ்கள் இரண்டே: எவ்வளவு அடக்குவது, பிறகு எவ்வளவு கூட்டுவது. எவ்வளவு விரைவாக அடக்குவது, எப்போது விடுவது என்பதற்குக் குமிழே இல்லை. அந்த முடிவுகளை எடுப்பது உள்ளே டி4 எனப்படும் விரலளவுச் சிறு அடைப்பு. அதற்குள் மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் பலகை ஒன்றும், ஒளி பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு உணர்வி ஒன்றும் எதிரெதிரே இருக்கின்றன. ஒலி உரக்கும்போது பலகை ஒளிர்கிறது. உணர்வியின் தடை குறைகிறது. அதன் வழியே ஒலியின் ஒரு பகுதி தரைக்கு வழிந்தோடிவிட, மிஞ்சிய ஒலி அடங்குகிறது.

ஒளி அணைந்தபின் நடப்பதில்தான் இக்கருவியின் குணம் இருக்கிறது. காட்மியம் சல்ஃபைடுக்குள் ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் உடனே தம் இடத்துக்குத் திரும்புவதில்லை. படிகத்தின் குறைகளில் சில மாட்டிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் வெளிவருகின்றன. ஆகவே அடக்கிய ஒலியில் பாதி சுமார் 60 மில்லிவிநாடியில் மீண்டுவிட, எஞ்சிய பாதி மீள அரை விநாடி முதல் 5 விநாடி வரை ஆகிறது. அரை விநாடியா ஐந்து விநாடியா என்பது, அதற்கு முன் ஒளி எவ்வளவு பிரகாசமாக, எவ்வளவு நேரம் பட்டது என்பதைப் பொறுத்தது. பாடகி ஒரு சொல்லை மட்டும் அழுத்திப் பாடினால் கருவி சட்டென்று விட்டுவிடும். ஒரு முழு அடியையும் உச்சத்தில் பாடினால் அடுத்த அடியின் தொடக்கத்திலும் அதன் பிடி இருக்கும். குரலை இது ஒருபோதும் திடுக்கிடவைப்பதில்லை என்று ஒலிப் பொறியாளர்கள் சொல்வதற்கு இந்த இரட்டை வேகமே காரணம்.

இதை நகலெடுக்க, ஒலியின் இந்தக் கணத்து அளவை மட்டும் பார்ப்பது போதாது. பல விநாடிகளின் வரலாறும் கணக்கில் வரவேண்டும். தொடக்ககால நகல்கள் வேகமான மீட்சி ஒன்று, மெதுவான மீட்சி ஒன்று என இரண்டை நிலையாக வைத்துக் கூட்டின. நடுத்தர ஒலிகளில் அது அசலுக்கு அருகே வந்தது. நீண்ட உரத்த பகுதிக்குப்பின் விலகியது. பின்னர் வந்தவை, உணர்வியின் உள்நிலையையே ஒரு மாறியாக வைத்து ஒவ்வொரு அளவுக்கும் அதைப் புதுப்பித்தன. 2019இல் ஸ்காட் ஹாவ்லியும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு வழியை முயன்றார்கள். எல்ஏ-2ஏ-யின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், உள்ளே போன ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் இணையிணையாகக் கொடுத்து ஒரு நரம்புவலை நிரலைப் பயிற்றுவித்தார்கள். கருவியின் போக்கை நிரல் பிடித்துக்கொண்டது. இந்த நீண்ட நினைவுதான் நரம்புவலைக்கும் பெரிய சோதனை. கித்தார் ஆம்ப்ளிஃபையர்களை நகலெடுப்பதில் இம்முறை பெற்ற வெற்றி கம்ப்ரஸரில் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஆம்ப்ளிஃபையரின் நினைவு பெரும்பாலும் மிகக் குறுகியது. கம்ப்ரஸரின் நினைவு விநாடிக்கணக்கில் நீள்வது.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் நினைவு உண்டு, சிறிய அளவில். அதன் இரும்பு உள்ளகம் முந்தைய காந்தநிலையின் எச்சத்தை வைத்திருக்கும். மேலும், ஒரே மின்னழுத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண் அதிகக் காந்தப்பாயத்தை உண்டாக்குவதால், தாழ்ந்த சுரங்களே முதலில் மழுங்கும். எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் மழுக்கும் நிரல் இந்த இடத்தில் அசலிலிருந்து விலகிவிடும்.

வளையத்துக்குள் சிக்கிய கணக்கு

அனலாக் சுற்றுகளில் வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கே கொண்டுவருவது வழக்கம். ராபர்ட் மூக் 1960களில் உருவாக்கிய ஏணி வடிகட்டி இதற்குப் பேர்போனது. நான்கு படிகளைக் கடந்த ஒலி திரும்பவும் முதல் படிக்கு வந்து மோதும்போதுதான் மூக் சிந்தசைஸரின் கூவல் பிறக்கிறது. மின்சுற்றில் இந்தத் திரும்பல் ஏறக்குறைய அதே கணத்தில் நடக்கிறது. கணினியில் வெளியீட்டைக் கணக்கிட உள்ளீடு வேண்டும். உள்ளீட்டை அறிய வெளியீடு வேண்டும். எளிய வழி, ஒரு அளவுக்கு முந்தைய வெளியீட்டை வைத்துச் சமாளிப்பது. அந்த ஒரு அளவுத் தாமதமே வடிகட்டியின் சுருதியை விலக்கிவிடும். அதிர்வெண் உயர உயர விலகலும் கூடும். 1996இல் டிம் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் இதை ஆராய்ந்தார்கள். 2004இல் ஆன்டி ஹுவோவிலைனன் ஒவ்வொரு படியின் மழுங்கலையும் உள்ளடக்கிய வடிவத்தை வெளியிட்டார். இப்போது நல்ல நிரல்கள் ஒவ்வொரு அளவுக்கும் சமன்பாட்டை நியூட்டனின் தோராய முறையில் திரும்பத் திரும்பத் தீர்த்து, உள்ளீடும் வெளியீடும் ஒத்துப்போகும் புள்ளியைக் கண்டபின்பே அடுத்த எண்ணுக்கு நகர்கின்றன.

முழு மின்சுற்றையும் பாகம் பாகமாக எண்ணாக்கும் முறைகளில் ஒன்று ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப்ரெட் ஃபெட்வைஸ் 1970களின் தொடக்கத்தில் வகுத்தது. தொலைத்தொடர்பு வடிகட்டிகளுக்காக எழுந்த கணிதம் அது. இருபது முப்பது ஆண்டு கழித்து இசைக்காரர்களின் கைக்கு வந்தது. ரோலண்டின் டிஆர்-808 தாள இயந்திரத்தின் பெரிய முரசொலியைக் கர்ட் வெர்னரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் சுற்றுவழி நகலெடுத்தபோது, அசல் பெட்டியைத் திறந்து கம்பிகளை மாற்றி விளையாடுபவர்களுக்குக் கிடைக்கும் மாறுபாடுகளையும் நிரலிலேயே செய்ய முடிந்தது.

எது அசல்?

எல்லா ‘அசல்’களும் அனலாக் அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேவிட் கிரீசிங்கர் உருவாக்கி 1978இல் வந்த லெக்ஸிகான் 224 எதிரொலிக் கருவியும், 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைஸரும் தாமே கணினிகள். அவற்றின் மூளை நிரல்தான். அந்த நிரலை வேறொரு கணினியில் ஓட்டினால் நகல் என்று சொல்வதே பொருந்தாது. எஞ்சும் வேறுபாடு, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் அக்காலத்துக் கரடுமுரடான பாகத்தில்தான்.

அனலாக் பெட்டிகளில் கேள்வி வேறு திசையில் சிக்கலாகிறது. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதம் செய்த இரண்டு எல்ஏ-2ஏ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அக்கால ரெஸிஸ்டரில் 5 அல்லது 10 சதவீதம், கெப்பாசிட்டரில் 20 சதவீதம் வரை வேறுபாடு ஏற்கப்பட்டது. டி4 அடைப்பிலுள்ள ஒளிரும் பலகை ஆண்டுகள் போகப் போக மங்கும். வால்வுகள் தேயும், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உலரும். அறுபதாண்டில் ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு பாகங்கள் மாற்றப்பட்டு, தனித்தனி ஆளாகிவிட்டது. பிளக்இன் நகலெடுப்பது ‘எல்ஏ-2ஏ’ என்ற ஒன்றை அல்ல. ஒரு குறிப்பிட்ட பெட்டியை, அது அளக்கப்பட்ட நாளில் இருந்த நிலையில். வேறொரு அசலை வைத்து ஒப்பிட்டு ‘பிளக்இன் தவறு’ என்பவர், பல வேளைகளில் இரண்டு அசல்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் கேட்டிருப்பார். ஜெர்மனியின் பிரைன்வொர்க்ஸ் இதையே ஒரு வசதியாக்கியது: அவர்களின் மிக்ஸர் நகல்களில் ஒவ்வொரு சேனலுக்கும் பாகங்களின் அளவு சற்றே மாறும்.

அசல் சில சமயம் குறையின்மேல் நிற்கும். டிஆர்-808இன் சில ஒலிகளுக்கு வேண்டிய இரைச்சலை, தரத் தேர்வில் கழிக்கப்பட்ட டிரான்ஸிஸ்டர்கள் தந்தன. டிரான்ஸிஸ்டர் உற்பத்தி மேம்பட்டதும் அத்தகைய கழிவு கிடைக்கவில்லை. ஏறத்தாழ 12,000 இயந்திரங்களோடு 1983இல் 808 நின்றுபோனது. அந்தக் குறையைக் கணினியில் எழுதுவது எளிது. மறுபடி உற்பத்தி செய்வது கடினம். எல்லாக் குறையும் வேண்டப்படுவதும் இல்லை. வேவ்ஸ் தன் நகல்கள் சிலவற்றில் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்து, அதை நிறுத்த ஒரு பொத்தானும் வைத்தது. பலர் அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்.

கம்பியின் இரு முனைகள்

நிரல் எவ்வளவு துல்லியமானாலும், எண்ணாக மாறியபின் வரும் ஒலிதான் அதற்குக் கிடைக்கிறது. அதற்கு முன் நடப்பவை அதன் எல்லைக்கு வெளியே. ஒலிவாங்கியும் அதை வாங்கும் ப்ரீஆம்ப்ளிஃபையரும் மின்ரீதியாக ஒன்றையொன்று இழுக்கின்றன. ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டுத் தடை மாறினால், குறிப்பாக ரிப்பன் வகை ஒலிவாங்கியில், தொனியே மாறும். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கித்தார் பெடலில் இது இன்னும் வெளிப்படை. கித்தாரின் சுருளோடு பெடலின் சுற்று நேரடியாகப் பிணைந்து, கித்தாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தாலே கரகரப்பு தெளிந்துவிடும். இடையில் வேறொரு சுற்று நுழைந்தால் அந்த உறவு அறுந்துபோகும். யுனிவர்சல் ஆடியோ 2014இல் இதற்கு அரை வழி கண்டது: பிளக்இன் ஆணையிட, கணினியோடு இணைந்த பெட்டியிலுள்ள உண்மையான உள்ளீட்டுத் தடையே மாறுகிறது. மென்பொருளால் முடியாத இடத்தில் வன்பொருளின் உதவியை நாடியதே அதன் பொருள்.

இன்னொன்று, பதிவின்போதே அடக்குவது. பாடகர் திடீரென்று உரக்கக் கத்தினால் எண்ணாக்கும் கருவியின் உச்சவரம்பு உடையும்; உடைந்த அலையைப் பின்னால் வரும் எந்தப் பிளக்இனும் ஒட்டவைக்க முடியாது. முன்னால் வைத்த கம்ப்ரஸர் அதைத் தடுக்கும். தாமதமும் உண்டு: 44.1 கிலோஹெர்ட்ஸில் கணினி 512 அளவுகளைச் சேர்த்துச் சேர்த்துக் கையாண்டால் அந்த ஒரு கட்டத்திலேயே 11.6 மில்லிவிநாடி போய்விடும். எலும்பு வழியே கேட்கும் தன் குரலும் ஹெட்போனில் பிந்தி வரும் குரலும் மோதுவதால் பாடுபவர் தடுமாறுவார். பதிவு முடிந்தபின் மிக்ஸிங்கில் இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை.

பிளக்இன் ஏமாற்றியதாகச் சொல்லப்படும் இடங்கள் பலவற்றில் அது அளவுத் தவறால் நேர்வது. பழைய கருவிகளில் மீட்டர் முள் பூஜ்யத்தைத் தொடும் இடம் பெரும்பாலும் 1.23 வோல்ட். நகல்கள் பல, டிஜிட்டல் உச்சவரம்புக்கு 18 டெசிபல் கீழே அந்த இடத்தை வைக்கின்றன. உச்சவரம்பு வரை ஏற்றிப் பதிவு செய்த ஒலியை அப்படியே செலுத்துபவர், அசலுக்கு ஏறத்தாழ 10 வோல்ட் கொடுத்ததற்குச் சமமான வேலையைச் செய்கிறார். அசல் பெட்டியும் அந்த நிலையில் அலறும்.

காது அளக்கும்போது

இரண்டையும் ஒப்பிட நினைப்பவருக்கு முதல் எதிரி உரப்பு. ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் அளந்து காட்டியபடி, ஒலி கூடும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் காதுக்கு விகிதத்தை மீறி உயர்கின்றன. அரை டெசிபல் உரத்த ஒன்றை, உரத்தது என்று உணராமலே, செறிவானது என்று காது தீர்ப்பளிக்கும். எனவே இரண்டின் உரப்பும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கப்பட்டு, எது எது என்று தெரியாமல் கேட்டால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு. பளபளக்கும் பெட்டியின் வால்வு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது சோதனை ஆகாது.

அளவியல் விரும்பிகள் ஒரு பதிவைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு கூட்டி, எஞ்சுவதைக் கேட்பார்கள். எஞ்சியது 60 டெசிபல் கீழே இருந்தால் வீச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு. ஈக்வலைஸருக்கு இது நல்ல சோதனை. கம்ப்ரஸருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒரே அசல் பெட்டியில் ஒரே பாட்டை இருமுறை ஓட்டினாலும் இரைச்சலும் வெப்பநிலை மாற்றமும் முழு அழிவைத் தடுக்கும். அசல் தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை முதலில் அளந்துவிட்டு, அதனோடு நகலின் எச்சத்தை ஒப்பிடுவதே நேர்மையான முறை. அதைச் செய்பவர்கள் குறைவு.

ஒலி ஒத்துப்போன பிறகும் வேலைமுறை ஒத்துப்போவதில்லை. பிளக்இனை இருபது சேனல்களில் இருபது முறை செருகலாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் குமிழ்கள் விட்ட இடத்தில் நிற்கும். ஃபேர்சைல்டு 670 போன்ற, 20 வால்வும் 11 டிரான்ஸ்ஃபார்மரும் கொண்ட அபூர்வப் பெட்டி பல பத்தாயிரம் டாலருக்கு விலைபோகிறது. ஒரு ஸ்டுடியோவில் ஒன்று இருந்தாலே பெருமை. அந்த ஒன்றை எந்த ஒலிக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்து, அமைப்பைப் பதிவோடு முத்திரையிட்டுவிட வேண்டியிருந்தது. முடிவைத் தள்ளிப்போடும் வசதி அப்போது இல்லை. அக்காலப் பதிவுகளின் உறுதிக்கு அதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு, மின்சுற்றுக்கு இணையாக.

ஆயுளில் மட்டும் நிலைமை தலைகீழ். 1965இல் செய்த எல்ஏ-2ஏ-யின் வரைபடம் கிடைக்கிறது; வால்வு கிடைக்கிறது; புதிய டி4 அடைப்பும் கிடைக்கிறது. சாலிடரிங் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பெட்டி மறுபடி பேசும். பிளக்இன் ஓடுவதற்கு அதைச் சுற்றியுள்ள உலகம் மாறாதிருக்க வேண்டும். ஆப்பிள் 2006இல் இன்டெல் சில்லுக்கு மாறியது. 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளம் 32-பிட் நிரல்களை ஓட்ட மறுத்தது. 2020இல் சில்லு மறுபடி மாறியது. ஒவ்வொரு முறையும் நிறுவனம் நிரலைத் திருத்தி எழுதவேண்டும். எழுதாத பிளக்இன்கள், அவற்றைப் பயன்படுத்தி மிக்ஸ் செய்த பாடல்களின் கோப்புகளில் வெற்றுப் பெயர்களாக மிஞ்சின. இதனால் கவனமுள்ள ஸ்டுடியோக்கள் வேலை முடிந்ததும் ஒவ்வொரு சேனலையும் பிளக்இனின் விளைவோடு சாதாரண ஒலிக்கோப்பாக எழுதி வைக்கின்றன. சில இடங்களில் பழைய கணினி ஒன்றே, இணையத்தில் இணைக்காமல், புதிய இயங்குதளம் ஏற்றாமல், ரேக்கில் மற்றப் பெட்டிகளின் பக்கத்தில் இன்னொரு பெட்டியாகக் காக்கப்படுகிறது.